பத்தொன்பதாம் படியின் பணி ஓய்வு

சுரங்களுக்குப் பெயர் வைத்து வேலை கொடுப்பதற்கென்று ஒரு நிறுவனம் இருந்தது. இருந்தது என்ன, இன்றைக்கும் இருக்கிறது. அதெல்லாம் அவ்வளவு சுலபத்தில் போய்விடுகிற சாமான் இல்லை. நான்கு மாடிக் கட்டடம். மாடிக்கு ஒரு தண்ணீர் வராத குழாய். உள்ளே நூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் பாடத் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. பாடத் தெரிந்தவருக்கு ஒருதலைப்பட்சமான பார்வை வந்துவிடும் என்பதால் நியமன விதியிலேயே அதைத் தடுத்திருந்தார்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஆர்மோனியப் பெட்டியில் ஒரு ஸ்தாயிக்கு, அதாவது ஒரு ‘ச’விலிருந்து அடுத்த ‘ச’ வருவதற்குள், பன்னிரண்டு கட்டைகள். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் சுரம் இருக்கிறது என்பது வாய்விட்டுப் பாடுகிற எல்லோருக்கும் தெரியும். நிறுவனர் என்கிற பெரியவர், நல்ல காதுள்ள மனிதர், ஸ்தாயியை முப்பத்தொரு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் ஒரு கட்டை வைத்து, ஒரு பெட்டி செய்வித்தார். அதுவரைக்கும் நல்ல காரியம்தான். அதற்கப்புறம்தான் அந்தப் பெட்டியைச் சுற்றி ஒரு ஆபீஸ் கட்டினார்கள்.

ஆபீஸ் வந்ததும் முதலில் ‘கட்டை’ என்ற சொல் தடை செய்யப்பட்டது. அது தச்சுப் பட்டறை வாடை அடிக்கிறதாம். இனிமேல் ‘படி’. ஸ்தாயியின் முதல் சுரத்துக்கு ‘அதிபதி’ என்று பெயர். அதிபதியை வரிசையில் நிற்க வைக்கக் கூடாது என்பதால் அவருக்கு எண் இல்லை. அவருக்கு அடுத்தவரிலிருந்துதான் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கை. பதினெட்டாம் படி ‘உப அதிபதி’. ஏழு பெயர் வைத்ததும் கற்பனை தீர்ந்துவிட்டது. மீதிக்கு முன்னொட்டு ஒட்டிச் சமாளித்தார்கள்: நடுவர், மேல் நடுவர், கீழ் நடுவர், நடுநிலை நடுவர், கூடுதல் பொறுப்புக் கீழ் நடுவர். பெயர் இருந்தால் போதுமா, பணியும் வேண்டுமே. அதிபதியின் பணி ‘வீற்றிருத்தல்’. உப அதிபதியின் பணி ‘தாங்குதல்’. கூடுதல் பொறுப்புக் கீழ் நடுவரின் பணி ‘நடுவர் விடுப்பில் உள்ளபோது ஏங்குதல்’. இதையெல்லாம் படித்துத் தேறி, சான்றிதழ் வாங்கினவர்தான் பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லித் தரலாம் என்று அரசாங்கமும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டது.

இந்தக் கையெழுத்தில்தான் பெட்டிக்காரரின் குடும்பம் மாட்டிக்கொண்டது.

பெட்டிக்காரர் என்றால் ஆர்மோனியம் ரிப்பேர் செய்கிறவர். பின் தெருவில் ஒற்றை அறைக் கடை. காற்றடிக்கிற துருத்திக்குத் தோல் ஒட்டுவார், ரீடு மாற்றுவார், சுருதி சேர்ப்பார். ரீடு என்பது பித்தளைச் சட்டத்தில் படபடக்கிற ஒரு சின்ன நாக்கு. நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். முப்பது வருஷமாக அவருக்குத் தெரிந்த இசைக் கோட்பாடு இவ்வளவுதான், அதில் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

அவர் மனைவி பாட்டு டீச்சர். பன்னிரண்டு வருஷமாக ஒரே பள்ளியில் தற்காலிகம். சின்ன வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரை வைத்துக்கொண்டு பாட வைப்பார். இந்த வருஷத்துக்குள் நிறுவனத்தின் சான்றிதழைக் கொண்டுவரவில்லை என்றால் வேலை இல்லை என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். ஏற்கெனவே மூன்று முறை தேர்வு எழுதியாகிவிட்டது.

முதல் முறை, தேர்வு நாள் காலையில்தான் ஏழாம் படியின் பெயரைத் ‘தயங்கி’யிலிருந்து ‘தயக்கன்’ என்று மாற்றிச் சுற்றறிக்கை ஒட்டியிருந்தார்கள். டீச்சர் அதைப் பார்க்கவில்லை. இரண்டாம் முறை, ஒரே ஒரு இடத்தில் கை தவறிக் ‘கட்டை’ என்று எழுதிவிட்டார், தாளையே நிராகரித்தார்கள். மூன்றாம் முறை வாய்மொழித் தேர்வில் பதினோராம் படியை விளக்கச் சொன்னார்கள். டீச்சர் பாடிக் காட்டினார். ‘கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒலி எழுப்பினார்’ என்று குறிப்பெழுதி அனுப்பினார்கள்.

நான்காவது முறை ஒரே ஒரு மதிப்பெண்ணில் போயிற்று. கேள்வி: பத்தொன்பதாம் படியின் பெயரையும் பணியையும் எழுதுக. பாடநூலில் உள்ள விடை: பெயர், மௌனி. பணி, ஓய்வு. அதாவது முப்பத்தொரு படிகளில் அது ஒன்று மட்டும் ஒலிக்காது. காற்றடித்து அழுத்தினாலும் பேசாமல் இருப்பதுதான் அதன் வேலை. நிறுவனத்தின் பெருமையே அதில்தான். அதற்கென்று தனி ஆய்விருக்கை, ஒரு பேராசிரியர், மூன்று உதவியாளர்கள், ஒரு நூலகம்.

டீச்சர் எழுதியிருந்தது இது: ‘பதினெட்டைத் தொட வேண்டிய பிள்ளைகள் உற்சாகத்தில் கத்தித் தாண்டிவிடும்போது வருகிற சுரம். தாண்டிவிட்டோம், இறங்க வேண்டும் என்று உணர்த்துவது இதன் பணி.’ பக்கத்தில் சிவப்பு மையில் பூஜ்யம். அதன் கீழே, ‘மௌனத்துக்கு ஒலி கற்பித்துள்ளார்.’

“மௌனின்னு எழுதிட்டு வந்திருக்கலாமே. ஒரு மார்க்குதானே” என்றார் பெட்டிக்காரர்.

“எழுதத்தான் பேனாவ வச்சேன். கை போகல.”

“ஏன்?”

“வீட்டுல நீங்க சுருதி பாக்க வச்சிருக்கீங்களே முப்பத்தொரு ரீடு, அதுல பத்தொன்பது எத்தனை தடவ என் காதுல விழுந்திருக்கு. தினமும் நாப்பது பிள்ளைங்க அதுல வந்துதான் நிக்குது. நான் கைய இப்படி இறக்கிக் காட்டுவேன், தாண்டிட்டீங்க, இறங்குங்கன்னு. உடனே அப்படியே பதினெட்டுக்கு இறங்கும். அத ஊமைன்னு எழுதச் சொன்னா எப்படி?”

“பெயிலாகுறதுக்கு நல்ல காரணம்தான்.”

“போய் அடுப்ப அணைங்க, பால் பொங்குது.”

மறுமதிப்பீட்டுக்கு மனுப் போட்டார்கள். விடை தவறு என்றால் அத்தோடு கதை முடிந்தது. சரி என்றால் ஒரு மதிப்பெண், ஒரு சான்றிதழ், நிரந்தர வேலை. பன்னிரண்டு வருஷம் அந்த ஒற்றை மதிப்பெண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது.

மனு போட்ட மூன்றாம் வாரம், யாரும் எதிர்பாராமல் நிறுவனத்திலிருந்து பெட்டிக்காரருக்கே அழைப்பு வந்தது. நிறுவனரின் மூலப் பெட்டி காற்றுப் பிடிக்கவில்லையாம். பட்டமளிப்பு விழா நெருங்குகிறது, துருத்தியைச் சரிசெய்ய வேண்டும். வாசல் கூண்டில் அவருக்கு ஒரு அட்டை கொடுத்தார்கள்: ‘ஒலித் தொழில்நுட்ப உதவியாளர், தற்காலிகம், ஒலி எழுப்ப அனுமதி இல்லை.’ சட்டைப் பையில் அதைக் குத்திக்கொண்டு அவர் கூடத்துக்குப் போனார்.

கூடத்தின் நடுவில் பெட்டி. அதற்கு எதிர்ச் சுவரில், கதவளவு பெரிதாக்கிச் சட்டம் போட்டு, நிறுவனரின் குறிப்பேட்டிலிருந்து ஒரு பக்கம். குறிப்பேட்டில் அவர் தம் கையால் பதினெட்டுப் படிகள் வரை எழுதி நிறுத்தியிருந்தார். அதற்கு அடுத்த பக்கம்தான் சுவரில் இருந்தது. அதில் ஒரே வரி: ‘19 – பணி ஓய்வு.’ இந்த ஒரு வரியிலிருந்துதான் மௌனக் கோட்பாடு முழுவதும் புறப்பட்டது. நிறுவனர் அதை எழுதின அடுத்த மாதமே காலமாகிவிட்டதால், மேற்கொண்டு விளக்கம் கேட்க ஆளில்லாமல் ஆராய்ச்சி செழித்தது.

பெட்டிக்காரர் துருத்தியைக் கழற்றி, ஓட்டைக்குத் தோல் வைத்து ஒட்டினார். பசை காய்கிற நேரத்தில் சும்மா இருப்பானேன் என்று ரீடுகளைத் துடைக்க ஆரம்பித்தார். பதினெட்டு சுத்தமாக இருந்தது. பத்தொன்பதில், நாக்குக்கும் சட்டத்துக்கும் இடையில் நாலாக மடித்த காகிதம் ஒன்று இறுக்கிச் செருகியிருந்தது. ரிப்பேர்க்காரன் இந்த மாதிரி எதையாவது பார்த்தால் என்ன செய்வானோ அதையே செய்தார். இடுக்கியால் பிடுங்கினார். துருத்தியைப் பொருத்திக் காற்றடித்து, கட்டையை அழுத்தினார்.

பத்தொன்பது ஒலித்தது. நல்ல பழைய பித்தளை, தேன் மாதிரி இருந்தது சத்தம். இரண்டாம் மாடியில் ஒரு நாற்காலி விழுந்தது.

மௌன ஆய்விருக்கைப் பேராசிரியர் செருப்பு ஒன்று மாடியிலும் ஒன்று காலிலுமாக இறங்கி வந்தார்.

“யாரு பேசுனது?”

“யாரும் பேசலீங்க. பத்தொன்பது.”

“பத்தொன்பது பேசாது.”

“இப்ப பேசுதுங்க” என்று பெட்டிக்காரர் இன்னொரு முறை அழுத்திக் காட்டினார்.

பேராசிரியர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். “நிறுத்துங்க. நான் இதக் கேக்கல. நான் கேக்கலங்கிறதுக்கு நீங்கதான் சாட்சி.”

பிறகு பதிவாளர் வந்தார். அவர் காதைப் பொத்தவில்லை. அவருக்கு அந்தத் தேவை ஏற்பட்டதே இல்லை. படி ஒலிப்புக்கான முன் அனுமதி எங்கே என்று கேட்டார். படிகள் குறித்த விதி நான்கின்படி, எந்தப் படியையும் ஒலிப்பதற்கு முன் அந்தப் படிக்குரிய படிவத்தின் மூன்று படிகளைத் தரவேண்டும் என்றார். பெட்டிக்காரருக்கு எந்தப் படி எது என்று பிரித்துப் பார்க்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. பயணப்படி ஏதாவது உண்டா என்று கேட்கலாமா என்று யோசித்து, வேண்டாமென்று விட்டுவிட்டார்.

பதிவாளர் ஒரு விளக்கக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு போனார். பெட்டிக்காரர் கையிலிருந்த காகிதத்தைப் பிரித்தார். பழுப்பேறின, தட்டச்சடித்த சுற்றறிக்கை. இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய தேதி. ‘நமது நிறுவனர் அவர்கள் வரும் 19ஆம் தேதி பணி ஓய்வு பெறுவதை முன்னிட்டு அன்று மாலை நான்கு மணிக்கு வழியனுப்பு விழா. அனைவரும் தவறாமல் கலந்துகொள்ளவும்.’

அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார். 19 – பணி ஓய்வு. மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார். பெரியவர் தாம் ஓய்வுபெறும் தேதியை மறக்காமலிருக்கக் குறித்துவைத்திருக்கிறார். அவ்வளவுதான். அவருக்கு அடுத்து வந்த புண்ணியவான் அதைப் படி எண் பத்தொன்பது, பணி, ஓய்வு என்று வாசித்திருக்கிறார். வாசித்துவிட்டுப் போய்ப் பெட்டியை அழுத்திப் பார்த்தால் அது ஒலித்திருக்கும். கோட்பாட்டுக்கும் பெட்டிக்கும் ஒத்துவராதபோது பெட்டியைத்தான் திருத்த வேண்டும் என்று படித்தவர்களுக்குத் தெரியாதா? யாரோ ஒரு கடைநிலை ஊழியரைக் கூப்பிட்டு அடைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் கைக்கு அகப்பட்ட பழைய தாளை மடித்து அடைத்திருக்கிறார்.

வீட்டில் இதைக் கேட்டு டீச்சர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திடீரென்று நிறுத்தினார்.

“அப்ப என் விடை சரிதானே?”

“சரிதான்.”

“அந்தத் தாளப் பத்திரமா வைங்க. அத வச்சே கேட்டுடுவோம்.”

அன்று ராத்திரி சாப்பாட்டில் இரண்டு பேருக்குமே உப்புக் காரம் தெரியவில்லை. நியாயம் கையில் இருந்தால் காரியம் ஆகிவிடும் என்று நினைத்தார்கள், பாவம்.

மனுவின் மீதான விசாரணையில் நிறுவனத் தலைவர், பதிவாளர், பேராசிரியர் மூன்று பேரும் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே இரண்டு நாற்காலி. தலைவர் காகிதத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் போட்டுப் பின்பக்கமும் பார்த்தார்.

“நிறுவனர் பத்தொன்பதாம் தேதி ஓய்வு பெற்றார். அத நாங்க மறுக்கல” என்றார். “அந்த வரிய அவர் தன்னோட ஓய்வப் பத்தித்தான் எழுதினார்னே வச்சுக்குவோம். ஆனா ஒருத்தர் எழுதினதுக்கு என்ன அர்த்தம்னு முடிவு பண்ற அதிகாரம் எழுதினவருக்குக் கிடையாது. அதுக்குத்தான் ஒரு நிறுவனம் வேணும்கிறது. இல்லாட்டி ஆளாளுக்கு எழுதிட்டு, ஆளாளுக்குப் புரிஞ்சுக்கிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் நாங்க எதுக்கு?”

“அதத்தான் நானும் யோசிச்சேன்” என்றார் டீச்சர்.

பேராசிரியர் கனைத்துக்கொண்டார். “அம்மா, நீங்க சின்ன விஷயமா நினைக்கிறீங்க. இந்த மௌனத்துல இதுவரைக்கும் என்கிட்ட ஏழு பேர் முனைவர் பட்டம் வாங்கியிருக்காங்க. ஒருத்தர் அதோட முதல் பாதிய ஆராய்ஞ்சார். இன்னொருத்தர் ரெண்டாம் பாதி. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குன்னு நிரூபிச்சது நான். எனக்கு அதுக்காகத்தான் சால்வை போட்டாங்க. இப்ப அது ஒரு காகிதத் துண்டுன்னு சொன்னா, சால்வைய நான் என்ன பண்றது?”

“ஆனா சார், சத்தம் வருதே” என்றார் பெட்டிக்காரர். அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. “அழுத்தினா கேக்குது சார். வேணும்னா இப்பவே காட்டுறேன்.”

தலைவர் கருணையோடு சிரித்தார். “காதுல விழுறது தனிப்பட்ட அபிப்பிராயம் தம்பி. அட்டவணைல இருக்கிறதுதான் பொது உண்மை. இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டதாலதான் மனுஷன் ஆயிரம் வருஷமா வெறும் பாட்டாப் பாடிக்கிட்டே இருந்துட்டான்.”

பதிவாளருக்கு அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. அவருக்கு யோசனை வருவது அபூர்வம் என்பதால் மற்ற இருவரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். பத்தொன்பதாம் படி இருபத்தாறு வருஷத்துக்கு முன்பே பணி ஓய்வு பெற்றுவிட்டதாக ஆவணம் இருக்கிறது என்றார் அவர். ஓய்வு பெற்ற ஒருவர் அலுவலகத்துக்கு வந்து வேலை பார்த்தால் அது முறைகேடு. அதேபோல ஓய்வு பெற்ற படி ஒலித்தால் அதுவும் முறைகேடு. ஒலிக்க வேண்டுமானால் பணி நீட்டிப்பு ஆணை வேண்டும். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நீட்டிப்பு இல்லை. படியின் பிறந்த தேதி தெரியவில்லை.

இதைக் கேட்டுத் தலைவர் மேஜையைத் தட்டிப் பாராட்டினார். தீர்மானம் அங்கேயே எழுதப்பட்டது. படி ஒலித்ததாகச் சொல்லப்படும் சம்பவம் நடக்கவில்லை. நடந்திருந்தாலும் அது முறைகேடானது. ஆகவே விடையில் மாற்றமில்லை, மனு தள்ளுபடி. காகிதத்தை நிறுவனம் வைத்துக்கொள்ளும்.

“பிள்ளைங்க அந்தச் சுரத்தப் பாடுதுங்க சார்” என்றார் டீச்சர். “தினமும் பாடுது. நான் பன்னெண்டு வருஷமாக் கேக்குறேன்.”

“அதுங்களுக்குச் சான்றிதழ் இல்லியேம்மா” என்றார் தலைவர்.

ஒரு வாரத்தில் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. சான்றிதழ் பெறாத காரணத்தால் வரும் 19ஆம் தேதியோடு டீச்சர் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். அன்றைக்குத்தான் நிறுவனத்தின் பட்டமளிப்பு விழா, அன்றைக்குத்தான் புதிதாக வரும் பாட்டு வாத்தியார் மேடையில் சான்றிதழ் வாங்குகிறார். விழாவில் வாழ்த்துப் பாட்டுப் பாடப் பள்ளிப் பிள்ளைகளை அனுப்ப வேண்டுமென்று நிறுவனம் கேட்டிருப்பதால், கடைசிப் பணியாக நாற்பது பேரையும் டீச்சரே தயார்செய்து அழைத்துப் போகவேண்டும் என்றும் எழுதியிருந்தது. தலைமை ஆசிரியை கீழே கையால், ‘மன்னிக்கவும், என் கையில் ஒன்றும் இல்லை’ என்று சேர்த்திருந்தார்.

டீச்சர் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். பெட்டிக்காரர் பக்கத்தில் நின்றார். அவருக்கு ஆத்திரம் வந்தது. முப்பது வருஷத்தில் ஒரு ரீடைக்கூட ஆத்திரத்தில் தொட்டதில்லை அவர்.

“பத்தொன்பது, பணி ஓய்வு” என்றார் டீச்சர். “எனக்கும் அதே கட்டளதான் போலிருக்கு.”

அதே தபாலில் பெட்டிக்காரருக்கும் ஒரு ஆணை வந்திருந்தது. மூலப் பெட்டியை முன்னிருந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ‘மேற்படி காகிதத்தை, மடிப்புக் கலையாமல், மேற்படி பத்தொன்பதாம் படிக்குள்ளேயே திரும்ப வைக்க வேண்டும். பதிவாளர் முன்னிலையில் வைக்க வேண்டும்.’ பெட்டிக்காரர் அதை மூன்று முறை படித்தார். அதில் ‘நாக்குக்கு அடியில்’ என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

பெட்டிக்குள் கட்டைக்கு ஒரு மூடி உண்டு. கட்டையை அழுத்தினால் மூடி திறக்கும், காற்று ரீடுக்குப் போகும், சத்தம் வரும். கையை எடுத்தால் மூடி அடைத்துக்கொள்ளும். நாக்குக்கு அடியில் காகிதம் வைத்தால் அந்தச் சுரம் ஊமை. அதே காகிதத்தை மூடிக்கு அடியில் வைத்தால் மூடி அடைக்கவே அடைக்காது. காற்றடிக்கிற வரைக்கும், யாரும் தொட வேண்டியதில்லை, அந்தச் சுரம் ஒலித்துக்கொண்டே இருக்கும். இரண்டு இடத்துக்கும் நடுவில் ஒரு விரற்கடைதான் தூரம்.

பெட்டிக்காரர் காகிதத்தை வைத்து முடித்ததும் பதிவாளர் குனிந்து பார்த்தார். காகிதம் அதேதான், மடிப்புக் கலையவில்லை, பத்தொன்பதாம் படிக்குள்தான் போனது. மூன்று படிகளிலும் கையெழுத்திட்டார். ஒலித்துப் பார்க்கலாமா என்று பெட்டிக்காரர் கேட்டதற்கு, மௌனத்தை எதற்கு ஒலித்துப் பார்க்க வேண்டும் என்று கோபித்துக்கொண்டார்.

பத்தொன்பதாம் தேதி கூடம் நிறைந்திருந்தது. மேடையில் ஒரு பக்கம் பெட்டி, இன்னொரு பக்கம் மூன்று வரிசையாக நாற்பது பிள்ளைகள். டீச்சர் கீழே முதல் வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். விழாவின் சிறப்பே மௌன அஞ்சலிதான். தலைவர் பேசி முடிக்கிற வரைக்கும் ஊழியர் ஒருவர் துருத்தியை அடித்துக்கொண்டே இருப்பார்; முடிவில் தலைவர் பத்தொன்பதாம் படியில் விரலை வைப்பார்; அதன் மௌனத்தைச் சபை இரண்டு நிமிஷம் கேட்கும்.

ஊழியர் துருத்தியில் கை வைத்தார். பத்தொன்பது எழுந்தது.

கூடத்தில் நானூறு பேர். நானூறு பேருக்கும் கேட்டது. யாரும் அசையவில்லை. பேராசிரியரின் ஏழு மாணவர்களும் முதல் வரிசையில் கண்ணை மூடி மௌனத்தை அனுபவித்துக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர் மட்டும் சால்வையைக் காதுவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார். அந்தப் படி பேசாது என்று எழுதிக் கொடுத்துச் சான்றிதழோ வேலையோ வாங்கினவர்கள் எல்லோரும். கேட்கிறது என்று எப்படிச் சொல்வார்கள்?

தலைவர் அதற்கு மேலாகப் பேச ஆரம்பித்தார். இந்த நிறுவனம் வெறும் முப்பத்தொன்றில் நிற்காது, அடுத்த ஆண்டு ஐம்பத்து மூன்று படிகள், அதற்கடுத்து நூற்றுக்கு மேல், ஒவ்வொன்றுக்கும் பெயர், ஒவ்வொன்றுக்கும் பணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆய்விருக்கை என்றார். பெட்டிச் சத்தத்துக்கு ஈடுகொடுக்க அவர் குரலும் ஏறிக்கொண்டே போயிற்று.

“நாம எவ்வளவு உயரம் போயிருக்கோம்னா,” என்று தலைவர் ஒரு கட்டத்தில் கத்தினார், “பாட்டே நமக்குத் தேவையில்லாத உயரத்துக்குப் போயிட்டோம்.” சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காக நிறுத்தினார்.

அந்த இடைவெளியில் பத்தொன்பது தனியாக ஒலித்தது.

பிள்ளைகளின் முன்வரிசையில் இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி, யாரும் சொல்லாமல், அந்தச் சுரத்தைப் பிடித்து அப்படியே பதினெட்டுக்கு இறங்கினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் இறங்கினாள். ஒரு மூச்சு நேரத்தில் நாற்பது பேரும் ‘ஆ’வென்று இறங்கிவந்து பதினெட்டில் நின்றார்கள். கூடத்தில் அத்தனை நேரம் தோளைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த நானூறு பேரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டது டீச்சருக்குக் கேட்டது. அவர் மடியில் இருந்த கை தன்னால் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“யாரு அது?” என்றார் தலைவர்.

“நாங்கதான் சார்” என்றாள் அந்தச் சிறுமி. “தாண்டிட்டீங்க. இறங்கணும்.”

தலைவர் பதிவாளரைப் பார்த்தார். பதிவாளர் நிகழ்ச்சிக் குறிப்பேட்டைப் பார்த்தார். பிறகு தலைவர் பெட்டிக்குப் போய், ஒலித்துக்கொண்டிருந்த பத்தொன்பதின் மேல் விரலை வைத்து, கண்ணை மூடி, இரண்டு நிமிஷம் அதன் மௌனத்தைக் கேட்டார். சபையும் எழுந்து நின்று கேட்டது. ‘அஞ்சலியின்போது கூடத்தில் பூரண அமைதி நிலவியது’ என்று பதிவாளர் எழுதிக்கொண்டார். அந்தக் குறிப்பேடு இன்றும் இருக்கிறது, போனால் காட்டுவார்கள்.

விழா முடிந்து பிள்ளைகளைப் பள்ளி வண்டியில் ஏற்றிவிட்டு, டீச்சரும் பெட்டிக்காரரும் வாசலுக்கு வந்தார்கள். பின்னாலேயே ஒருவர் ஓடிவந்தார். புது வாத்தியார். கையில் சுருட்டின சான்றிதழ், அதில் ஈரம் காயாத முத்திரை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மேடம், தப்பா நினைக்காதீங்க. நாளைக்கு உங்க வகுப்புக்கு நான்தான் வர்றேன். இப்ப அந்தப் பிள்ளைங்க இறங்குச்சுங்களே, அது எத்தனாவது படி?”

“நீங்கதான் பாஸ் பண்ணியிருக்கீங்களே” என்றார் டீச்சர்.

“அதனாலதான் மேடம் வேற யார்கிட்டயும் கேக்க முடியல.”

டீச்சர் திட்டத்தான் வாயெடுத்தார் என்று பெட்டிக்காரருக்குத் தெரிந்தது. ஆனால் பிள்ளைகளின் வண்டி தெரு முனையில் திரும்பிக்கொண்டிருந்தது, உள்ளே அவர்கள் இன்னும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

“பதினெட்டு” என்றார். “மத்தத நாளைக்குப் பிள்ளைங்ககிட்டக் கேளுங்க. சொல்லித் தருவாங்க.”

புது வாத்தியார் நன்றி சொல்லிவிட்டு எழுதிக்கொள்ளத் தாள் தேடினார். பையில் எதுவும் அகப்படவில்லை. சான்றிதழைத் திருப்பிச் சுவரில் வைத்து, அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.